பின்னால் கேட்ட குரல்

அந்தம்மாவை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. இப்படி ஒருவரைப் பற்றி உட்கார்ந்து எழுதினால் ஆள் செத்துப்போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் இல்லை. சிவகாசியில் அதே மாடி வீட்டில் திடமாகத்தான் இருக்கிறார். நான்தான் அந்தப் படி ஏறுவதை விட்டுவிட்டேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருடைய தம்பி யாரென்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதைச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை.

காதால் கேட்டதை எழுத்தில் இறக்குவதுதான் அவர் வேலை. வக்கீல்கள், டிவிக்காரர்கள், ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாம் பதிவு செய்த பேச்சை அவருக்கு அனுப்புவார்கள். அவர் அதை லேப்டாப்பில் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு வாய்விட்டுச் சொல்வார். பக்கத்தில் இன்னொரு லேப்டாப்பில் நான் டைப் அடிப்பேன். அச்சாபீஸில் பட்டாசு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்த எனக்குத் தமிழ் டைப்பிங் வேகம் என்று யாரோ சொல்லி, அவராகவே ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

போன அன்றைக்கே திட்டு வாங்கினேன்.

"ஏ பிள்ள, காதுல என்ன அது, வண்டு மாதிரி?"

"ப்ளூடூத்தும்மா."

"அதைக் கழட்டிப் பைக்குள்ள போடு. அதுல மைக் ஓட ஆரம்பிச்சாப் போதும், பேசுறவன் தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி ஆயிரும். இந்த வீட்டுல வயர் உள்ளதுதான்."

அவருடைய ஹெட்போன் பழசு, பெரிசு. காதை மூடுகிற மெத்தை இற்றுப்போனதால் வெல்வெட் ரவிக்கைத் துணி வைத்துத் தைத்திருந்தார். அதை லேப்டாப்பில் நேரே செருகவே மாட்டார். நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி உண்டு. லேப்டாப் தன் வயிற்றுக்குள் ஓடுகிற காத்தாடி இரைச்சல், கரண்ட் இரைச்சல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காதுக்கு அனுப்புமாம். இந்தப் பெட்டி வெளியே இருப்பதால் பேச்சை மட்டும் தருமாம். அப்படியும் சார்ஜர் செருகியிருந்தால் பேச்சுக்கு அடியில் 'ங்ங்ங்' என்று ஒன்று ஓடும் என்பார். சும்மா இருக்கும்போது எனக்கு அது கேட்காது. அவருக்குக் கேட்கும். "எவ அது சார்ஜரைச் செருகினது?" என்று வீடே அதிரக் கத்துவார். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

இன்னொரு சண்டை லேப்டாப்போடு. சத்தத்தை அழகாக்குகிறேன் என்று அது தானாகச் சில வேலைகள் செய்யும் அல்லவா, செட்டிங்ஸைத் திறந்து அந்த டிக்கையெல்லாம் எடுத்துவிடுவார். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அவை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு அந்த லேப்டாப்பைச் செய்தவனுடைய பரம்பரையே வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

"நான் உங்கிட்ட அழகாக் கேட்டேனா? என்ன இருக்கோ அதைக் குடு. இரைச்சலைக் குறைக்கேன்னு நீயா எதையாச்சும் தூக்கிப் போட்டுட்டா, போனது இரைச்சலா பேச்சான்னு நான் எங்கன போயித் தேட?"

லேப்டாப்பிடம்தான் சொல்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

ஒரு தடவை ஹெட்போன் வயர் அறுந்துபோய் இரண்டு பேரும் பஜாருக்குப் போனோம். கடைக்காரர் புதுசு புதுசாக எடுத்து மேஜையில் பரப்பினார். "இதைப் போட்டுப் பாருங்கக்கா, பேஸ் சும்மா அதிரும்."

"அதிரணும்னா நான் விஸ்வநத்தத்துல பட்டாசு வெடிக்கிற எடத்துல போயி நிக்கேன்லே. எனக்குப் பேச்சு கேக்கணும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று. கேட்டதை மாற்றி எழுத மாட்டார். கேட்காததை எழுதவே மாட்டார். ஒரு வக்கீல் குமாஸ்தா ஒரு போன் பேச்சைக் கொண்டுவந்தார். அதில் ஒருவர் கேள்வி கேட்கிறார், மற்றவர் பதிலுக்கு இருமுகிறார். இந்தம்மா 'இருமல்' என்று போட்டிருந்தார். குமாஸ்தா வந்து நின்றார்.

"அந்த இடத்துல ஆமான்னு போட்டுக்கோங்கம்மா. அவன் ஆமான்னுதான் சொல்ல வந்தான்."

"சொல்ல வந்ததை நான் எழுதுறதில்ல. அவன் இருமினான்."

"கேஸே இதுலதாம்மா நிக்குது."

"நிக்கட்டும். இல்ல, விழட்டும். எனக்கென்ன?" என்று பென் டிரைவைப் பிடுங்கி மாடியிலிருந்து கீழே விட்டெறிந்தார். "போயிப் பெறக்கிக்கிட்டு அப்படியே போயிரும்." அந்த மனிதர் படியில் தடுமாறி இறங்கிப் போனது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

எங்கள் வேலையில் 'தெளிவில்லை' என்று ஒரு வார்த்தை உண்டு. பேச்சு புரியாத இடத்தில் அதைப் போட்டுவிட்டுத் தாண்டிப் போகலாம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இவர் போட விடமாட்டார். ஒரே ஒரு சொல்லுக்காக அரை நாள் உட்காருவார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, திரும்ப, திரும்ப. "தெளிவில்லைன்னு போடுறது சோம்பேறி செய்ற வேலை. பேசுனவன் தெளிவாத்தான் பேசியிருப்பான். உன் காதுதான் தெளிவில்ல" என்பார். இந்தக் குணத்துக்காகத்தான் அவர் என்ன திட்டினாலும் நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் யார் எதைச் சொன்னாலும், யாருடைய ஆள் என்று பார்த்துத்தான் சொல்வார்கள். இவர் ஒருவர்தான் அப்படி இல்லை என்று நம்பினேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி வருவார். விஸ்வநத்தம் தாண்டி அவருக்கு ஒரு வெடியாபீஸ். பட்டாசுக் கம்பெனியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். என் அக்கா மாரீஸ்வரி அங்கேதான் வேலை பார்த்தாள். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. அவர்களுடைய அம்மா சீக்கிரமே இறந்துவிட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தது இந்தம்மாதானாம். அதில்தான் இவருக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் இல்லாமலே போனது என்று சொல்வார்கள். தம்பி வந்தால் அவரையும் விடமாட்டார். "கார்ல என்னலே வச்சிருக்க, தெரு முக்குல வரும்போதே என் பல்லு ஆடுது." ஆனால் அன்றைக்கு மட்டும் லேப்டாப் மூடியிருக்கும். தம்பிக்கு மீனில் முள் எடுத்து எடுத்து வைப்பார். நரை தட்டிய ஆளுக்கு முள் எடுப்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். தம்பி மெதுவாகத்தான் பேசுவார். எதைச் சொன்னாலும் கடைசியில் 'என்னா?' என்று ஒன்றைத் தூக்கிப் போடுவார். "அக்கா, மாத்திரைய நேரத்துக்குப் போடு, என்னா?" "கதவைத் தாள் போட்டுக்கோ, என்னா?"

அந்த வருடம் தீபாவளி சீசனில், ரூமுக்குள் இருக்க வேண்டியதற்கு மேல் ஆட்களை வைத்திருந்தார்கள் என்று அதிகாரிகள் அவருடைய ஆபீஸைக் கொஞ்ச நாளைக்கு மூடச் சொல்லிவிட்டார்கள். கேட்டில் பூட்டு. ஆட்களை ஏற்றிப் போக எங்கள் தெருவுக்கு வரும் வேனும் வரவில்லை. மூடிக்கிடந்த அந்த ஆபீஸில்தான் ஒரு நாள் காலையில் வெடித்தது. ஒரு ரூம் தரைமட்டம். அதற்குள் இருந்தது என் அக்கா.

மற்ற ரூம்களில் இருந்த எங்கள் தெருப் பெண்கள் பின்னால் இருந்த வேலியைத் தாண்டி ஓடி வந்துவிட்டார்கள். போலீஸ் கேட்டபோது, "நாங்க அன்னைக்கு வீட்டுலதான் இருந்தோம்" என்றார்கள். ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தேன். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த சீசனுக்கும் அந்த வேனில்தானே ஏற வேண்டும்.

கம்பெனியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? பூட்டின ஆபீஸுக்குள் வேலி தாண்டிப் போய் வெடிமருந்து திருடியிருக்கிறாள் என்று சொன்னார்கள். வீட்டில் வைத்துக் கள்ளத்தனமாக வெடி செய்கிறவர்களுக்கு விற்கவாம். என் அக்கா திருடியாம்! அடுத்த வீட்டு முருங்கைமரம் எங்கள் பக்கம் சாய்ந்திருந்தாலும் கேட்காமல் ஒரு காய் பறிக்காதவள். எரிந்துபோன உடம்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். அந்தத் துணி ஈரம் காய்வதற்குள் திருடி என்று பட்டமும் கட்டிவிட்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் போர்மேன் அக்காவுக்குப் போன் செய்தது போலீஸுக்குத் தெரிந்திருந்தது. போர்மேன் அதற்கும் பதில் வைத்திருந்தார். "ஆபீஸ் இன்னும் தொறக்கல, யாரும் வந்துராதீகன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார்.

வெடியாபீஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அக்கா போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். அக்கா புருஷன், எங்கள் அத்தான், அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இந்தப் போனு தானாவே எல்லாக் காலையும் பதிஞ்சு வச்சிருக்கு போலத்தா. அந்தப் போர்மேன் பேசுனதும் இதுல கெடக்கு. கேளு."

கேட்டோம். அக்கா குரல் மட்டும்தான் பெரிதாகக் கேட்டது. "ம்... சரிண்ணே... ம்... சரிண்ணே." பக்கத்தில் டிவி. போர்மேன் பேசியது ஏதோ சுவருக்குள் எறும்பு போகிற மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை பிடிபடவில்லை. வரச் சொன்னாரா, வராதே என்று சொன்னாரா? எதற்கு என் அக்கா சரி என்கிறாள்? அச்சாபீஸில் என்னோடு வேலை பார்த்த ஒருவன் ஏதோ ஆப்பில் போட்டுச் சுத்தம் செய்து தந்தான். டிவி சத்தம் போனது. அக்கா குரல் கண்ணாடி மாதிரி ஆனது. போர்மேன் சுத்தமாகப் போயே போய்விட்டார். அப்போதுதான் அந்தம்மா லேப்டாப்போடு போடும் சண்டை எனக்கு விளங்கியது.

"அவுககிட்டக் கொண்டு போறேன்" என்றேன்.

அத்தானுக்குக் கோபம் வந்தது. "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அவுக தம்பி ஆபீஸுத்தா. அவுகளா எடுத்துக் குடுப்பாக?"

"அந்தம்மா அப்படிப்பட்டவுக இல்ல அத்தான். காதுல விழுந்ததை மாத்திச் சொல்ல மாட்டாக." அன்றைக்கு நான் அடித்துச் சொன்ன சொல் அது.

போனோடு போய் நின்றபோது அந்தம்மா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அக்கா செத்ததற்குத் துட்டி விசாரிக்கவும் இல்லை. "போனைக் குடு. வாட்ஸப்புல அனுப்பாத, அது நசுக்கிரும்" என்று வயர் போட்டு லேப்டாப்பில் ஏற்றினார். காத்தாடியை நிறுத்தச் சொன்னார். பிரிட்ஜை நிறுத்தச் சொன்னார். சார்ஜரைத் தானே பிடுங்கினார். செட்டிங்ஸில் அந்த டிக் ஏதாவது திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார். போன் எந்த சாம்பிள் ரேட்டில் பதிந்திருக்கிறதோ, லேப்டாப் தானாக மாற்றிக் குழப்பாமல் இருக்க, அதே ரேட்டில் அதையும் வைத்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. வேர்த்து வடிந்தது. நான் டைப் அடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று தெரியவில்லை. அவர் உதடு அசைய ஆரம்பித்தது.

"மாரி... நாளைக்கு வெள்ளன வந்துரு... பேன்சி லோடு ஏத்தணும்... வேன் வராது, நடந்து வந்துருங்க... கேட்டுப் பக்கம் வராத... பின்னால வேலியப் பிரிச்சு விட்டிருக்கு..."

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். என் அக்காவைச் சாவுக்குக் கூப்பிட்டதை நானே எழுத்து எழுத்தாக அடித்தேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு வெறி பிடித்த சந்தோஷம். திருடி இல்லை. கூப்பிட்டதால்தான் போனாள். என் தாயே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்தம்மாவின் காலில் விழத் தோன்றியது.

அவர் நிறுத்தவில்லை. ஓர் இடத்தைத் திரும்பப் போட்டார். கேட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு, வேலியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் போர்மேன் ஒரு நொடி நிற்கிறார். அந்த இடம். மறுபடியும் போட்டார். மறுபடியும். அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். எழுந்துபோய்ச் சார்ஜரை எடுத்து லேப்டாப்பில் செருகினார்.

யார்? அந்தம்மா! எவ அது செருகினது என்று வீட்டை இரண்டாக்குகிறவர், அந்த இரைச்சலில் மெலிந்த குரல் அமுங்கிப்போகும் என்று தெரிந்தவர்.

"பேட்டரி போயிரும்" என்றார் என்னைப் பார்க்காமல்.

நான் சார்ஜரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டினேன். அதே இடத்தைப் போட்டேன். அவர் தடுக்கவில்லை. போர்மேனுக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஆள், மெதுவாக, அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "வேலி வழியா வரச் சொல்லு, என்னா?"

அந்த 'என்னா?' மேலே தூக்கியிருந்தது.

"அம்மா, இது..."

"தெளிவில்லைன்னு போடு."

"என்னம்மா சொல்றீக? எனக்கே கேக்குது."

"பின்னால ஒரு ஆம்பளக் குரல். தெளிவில்ல. அப்படிப் போடு."

"மாசா மாசம் ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுல நான் கேட்ட குரலும்மா இது! உங்களுக்கா தெரியல?"

"நான் சொன்னதை அடி. இல்லன்னா எந்திரிச்சுப் போ."

அடித்தேன். வேறென்ன செய்ய? போலீஸுக்குக் கொடுக்கிற தாளில் போர்மேன் பேசியதாவது மிஞ்ச வேண்டும், அதற்கு அந்தம்மாவின் கையெழுத்து வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன்.

வெடி விபத்து விசாரணைக்கு அந்தம்மாவே நேரில் வந்தார். அதிலெல்லாம் குறை வைக்கவில்லை. விசாரணை ஆபீஸில் இருந்த ஒருவர் பதிவை லேப்டாப் ஸ்பீக்கரிலேயே போட்டுவிட்டு, "ஒண்ணும் கேக்கலையே" என்றார். அந்தம்மாவுக்கு ஏறியதே கோபம். "இந்தப் பொட்டு ஸ்பீக்கருல எறும்பு இருமுறது கேக்குமா? காத்தாடிய நிறுத்துங்க. சார்ஜரப் பிடுங்குங்க" என்று தன் பையிலிருந்து பெட்டியையும் ஹெட்போனையும் எடுத்து, விசாரணை அதிகாரி தலையில் தானே மாட்டிவிட்டார். அறையே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அதிகாரி கேட்டார். திரும்பக் கேட்டார். தாளைப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு. வரச் சொல்லியிருக்கார்." பிறகு, "நடுவுல பின்னால இன்னொரு குரல் கேக்குதே. அது யாரும்மா?"

அந்தம்மா அதிகாரியைப் பார்த்தே சொன்னார். "தெளிவில்ல சார். எனக்குத் தெரியல."

"பொய்!" என்று கத்திவிட்டேன். "சார், அது அவுக தம்பி குரல். வெடியாபீஸ் மொதலாளி குரல் சார்."

"நீங்க யாரும்மா?"

"செத்தவ தங்கச்சி."

"உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். செத்தவள் தங்கச்சி வேறு எப்படிச் சொல்வாள் என்று நினைத்திருப்பார். பதிவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போர்மேன் குரல் உறுதியானது. பின்னால் கேட்கிற குரல் ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுக்கு இல்லை என்று எழுதி வந்தது. யாராவது தெரிந்தவர்கள் அடையாளம் சொன்னால்தான் உண்டு. தெரிந்தவர் சொல்லிவிட்டார், தெரியவில்லை என்று.

போர்மேன் உள்ளே போனார். "நானாத்தான் கூப்பிட்டேன், மொதலாளிக்குத் தெரியாது" என்றாராம். அவரும் எங்களை மாதிரி ஆள்தான். பக்கத்து ஊரில் ஓட்டு வீடு. அவர் பெண்டாட்டி இப்போது தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள். தம்பி அடுத்த சீசனுக்குள் பெண்டாட்டி பேரில் ஆபீஸைத் திறந்துவிட்டார். எங்கள் தெருவுக்கு வேன் மறுபடியும் வர ஆரம்பித்தது. "திருடிங்கிற பேரு போச்சுல்ல, அது போதும்" என்று ஊரில் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எது போதும்? எனக்கு ஒன்றும் போதாது. கூப்பிடச் சொன்னவன் காரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறான்.

என்னைக் கேட்டால், அந்தம்மா பொய் சொல்கிறவராகவே இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது. ஊரோடு ஒருவர் என்று விட்டிருப்பேன். ஓர் இருமலுக்காக வக்கீல் குமாஸ்தாவைப் படியில் தடுமாறி இறங்க வைத்தவர். வாழ்நாளெல்லாம் நேர்மையைச் சேர்த்து வைத்து, எங்கள் வீட்டுச் சாவுக்கு வந்தபோது அதைக் கைவிட்டார். அவர் தெரியாது என்றால் தெரியாதுதான் என்று அந்த அதிகாரியும் நம்பினார் பாருங்கள், அதுதான் கொடுமை.

நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. அக்கா மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, மறுபடியும் அச்சாபீஸ் என்று நாட்கள் போயின.

ஒரு நாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். தெருமுனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அந்தம்மா இறங்கி வந்தார். எங்கள் தெருவுக்கு அவர் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. ஆள் பாதியாகப் போயிருந்தார். நான் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். 'வாங்க' என்று சொல்லவில்லை. எந்திரிக்கவும் இல்லை.

அருகில் வந்து நின்று, "வேலைய விட்டுட்டேன் பிள்ள" என்றார். "ஹெட்போனை மாட்டுனா அதுதான் கேக்குது. எதைப் போட்டாலும் அதுதான் கேக்குது."

நான் பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தேன்.

குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார். "அவன்தான் பிள்ள. என் தம்பிதான்."

எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. என் காதில் சொல்கிறார்! எனக்குத் தெரிந்ததை எனக்கே சொல்லிப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

"என்ன சொன்னீக? சத்தமாச் சொல்லுங்க."

"என் தம்பிதான் வரச் சொன்னது."

"இன்னும் சத்தமா. எனக்குக் கேட்டு என்ன ஆகப் போகுது? எங்க அக்கா மகளுக்குக் கேக்கணும். தெருவுக்குக் கேக்கணும். சொல்லுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "என் தம்பிதான் வரச் சொன்னான்! எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு! என் தம்பிதான்!"

குழாயடியில் சத்தம் நின்றது. குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். அன்றைக்கு வேலி தாண்டி ஓடி வந்தவர்கள். அன்றைக்கு வீட்டில்தான் இருந்தோம் என்று சொன்னவர்கள். எதிர்வீட்டுச் சித்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முழங்கையில் வேலி கிழித்த தழும்பு அவளுக்கு இன்னும் இருந்தது.

"இது எங்களுக்குத் தெரியும்மா. எனக்கும் அப்படித்தான் போன் வந்துச்சு. நாங்க வயித்துப்பாட்டுக்குப் பயந்து வாயப் பொத்திக்கிட்டோம். நீங்க அவுக கூடப் பெறந்தவுக. நீங்க சொன்னா எடுபடும். இப்பயே வாங்க, அந்த ஆட்டோவுலயே ஏறுவோம். நீங்க மொதல்ல சொல்லுங்க. அங்கன வச்சு நாங்க அம்புட்டுப் பேரும் சொல்லுதோம்."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள். இன்னொருத்தி. நானும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். தெருவே அந்தம்மாவின் வாயைப் பார்த்தது.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஆட்டோவை நோக்கி நடந்தார். சித்தி ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் ஏறப் போனாள். அவர் உள்ளே உட்கார்ந்து, கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

விசாரணை ஆபீஸுக்குப் போக வலது பக்கம் திரும்ப வேண்டும். ஆட்டோ இடது பக்கம் திரும்பியது.